டிசம்பர் இருபத்தைந்தில் உடைத்த கதவு

நார்த்கோவ் என்ற எங்கள் ஊரில் டிசம்பர் இருபத்தைந்து ஒரு வேலை நாள். என் அப்பா அன்றைக்குப் பீப்பாய்க்கு வளையம் அடித்தார், அவருடைய அப்பாவும் அடித்தார், நானும் அடித்தேன். வேதத்தில் எங்கேயும் சொல்லாத ஒரு பண்டிகையை வாத்தறுத்து, வீட்டுக்குள் பச்சைக் கிளை கட்டிக் கொண்டாடுவதெல்லாம் ராஜாவின் சபையான இங்கிலாந்துச் சபைக்காரர்கள் பழக்கம். அன்றைக்கு எவன் வீட்டில் வேலைச் சத்தம் இல்லையோ, அவன் லண்டனில் உட்கார்ந்திருக்கும் மகாராஜாவுக்காகப் பிரார்த்தனை பண்ணுகிறவன். கனெக்டிகட் கரையோரம் முழுக்க இதுதான் கணக்கு.

நான் சொல்வது 1776ஆம் வருஷத்து டிசம்பர். ராஜாவுக்கும் எங்களுக்கும் இனி ஒன்றுமில்லை என்று ஜூலையில் அறிக்கை வாசித்து, மணி அடித்து, தொண்டை கிழியக் கத்தியிருந்தோம். அதற்கப்புறம் எதுவும் உருப்படியாக நடக்கவில்லை. நியூயார்க் கையைவிட்டுப் போயிற்று. பிடிபட்ட எங்கள் பையன்கள் அங்கே சர்க்கரைக் கிடங்குகளிலும் பழைய கப்பல்களிலும் அழுகிக்கொண்டிருந்தார்கள். அப்படிப்பட்ட நேரத்தில் மனுஷனுக்குப் பக்கத்து வீட்டுக்காரன்மேல்தான் கோபம் வரும். ராஜா மூவாயிரம் மைலுக்கு அப்பால் இருக்கிறான். பக்கத்து வீட்டுக்காரன் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறான்.

என் பெயர் ஆசகேல் டட்டன். பீப்பாய் செய்கிறவன், ஊர்ப்படையில் சார்ஜண்ட், ஊர்க் கமிட்டியில் முதல் ஆள். ராஜாக்கட்சிக்காரர்களைக் கண்டுபிடித்து வழிக்குக் கொண்டுவருவது கமிட்டியின் வேலை. அதில் என்னை மிஞ்ச ஆளில்லை. பிடிபட்டவன் தன் குற்றத்தைத் தன் கைப்பட எழுத வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஜெபவீட்டில் எல்லார் முன்னாலும் நின்று அதை வாசிக்க வேண்டும். ஆண்கள் கை தூக்கினால் மன்னிப்பு. தூக்காவிட்டால் அவனுக்கு மாவு அரைக்கவும் குதிரைக்கு லாடம் அடிக்கவும் ஆள் கிடைக்காது. அந்த வருஷம் மட்டும் பதினொரு பேரை எழுத வைத்தேன். எப்படி எழுத வேண்டும் என்று பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்ததும் நான்தான்.

எழுத மறுத்தவன் ஒருத்தன், நாத்தான் ஹாய்ட். என் வேலிக்கு அடுத்த வேலி அவனுடையது. ராஜாவின் சபைக்காரன். அதோடு, கடற்கரையில் நின்று ராஜாவின் கப்பலுக்கு விளக்குக் காட்டினான் என்று அவன்மேல் சாட்சியும் இருந்தது. மே மாதம் கமிட்டி அவனை வேலிக்கழியின்மேல் கால் விரித்து உட்காரவைத்து, நாலு பேர் தோளில் ஊரைச் சுற்றித் தூக்கிப் போனது. பாலத்துக்குப் பக்கத்தில் ஒருவன் இடறினான். நாத்தான் விழுந்து இடுப்பு முறிந்தது. அப்புறம் அவன் எழுந்திருக்கவே இல்லை. நாங்கள் அறிக்கை வாசித்து மணி அடித்த அதே வாரம் செத்துப்போனான். அவன் பெண்டாட்டி கேத்தூராவுக்கு அந்த மணிச் சத்தம் எப்படிக் கேட்டிருக்கும் என்று அன்றைக்கு நான் யோசிக்கவில்லை. அவர்களுடைய ஒரே மகன் ஏனோஸ், பத்தொன்பது வயசு, ஜூனிலேயே ஊரைவிட்டுக் காணாமல் போயிருந்தான். ராஜாவின் படைக்கு ஓடிவிட்டான் என்று சொன்னோம். சொல்லிச் சொல்லி நாங்களே நம்பியும் விட்டோம்.

ஆக, அந்த டிசம்பர் இருபத்தைந்தாம் தேதி காலையில் வளையம் அடித்துக்கொண்டிருந்தவன் நிமிர்ந்து பார்த்தால், கேத்தூரா வீட்டுப் புகைபோக்கி அடுப்பு வெடித்த மாதிரி புகைகிறது. ஜன்னல் எல்லாவற்றிலும் தேவதாருக் கிளை. வாசலில் வாத்து இறகு. ராட்டைச் சத்தம் இல்லை. எனக்கு உச்சி கொதித்தது. எங்கள் பிள்ளைகள் ராஜாவின் கப்பலில் எலியோடு படுத்துக் கிடக்கிறார்கள், இவளுக்கு வாத்துக் கேட்கிறது!

கான்ஸ்டபிள் பினேகாஸைக் கூப்பிட்டேன். அவன் எனக்குப் பால்ய சிநேகிதன்.

"பார்த்தியாய்யா, பண்டிகை களை கட்டுது" என்றேன்.

"பொம்பள ஒருத்தி தனியா ஒரு வாத்து முழுசும் திங்கப் போறாளாக்கும்? உள்ள ஆள் இருக்கு, ஆசகேலு" என்றான் பினேகாஸ். "எவனோ வந்திருக்கான். ராஜா ஆளாத்தான் இருக்கும்."

மத்தியானத்துக்குள் எட்டுப் பேர் சேர்ந்துவிட்டோம். ஒருத்தன் வேலிக்கழியையும் எடுத்து வந்திருந்தான். கேத்தூரா ஜன்னல் கிளைகளை விலக்கிப் பார்த்தாள். அவளுக்குச் சின்ன வயசிலேயே பெரியம்மை கண்டு முகமெல்லாம் தழும்பு. கோபத்தில் அந்தத் தழும்புகள் மட்டும் வெளுத்து நின்றன.

"என்னய்யா, எட்டு ஆம்பளைங்க? எம் புருஷனத் தூக்க நாலு பேர் போதுமா இருந்துச்சே!"

"கதவத் தெற" என்றேன். "உள்ள யாரு?"

"யாருமில்ல. நல்லதுக்குச் சொல்றேன், வந்த வழியே போயிடுங்க. படி ஏறாதீங்க."

"வாத்து எங்களுக்கும் ஒரு வாய் உண்டா?" என்று பின்னாலிருந்து ஒருத்தன் கேட்டான். எல்லாரும் சிரித்தார்கள். கேட்டவன் யார் என்று தெரியும், அவன் இப்போது உயிரோடு இல்லை.

உள்ளே யாரோ இருமினார்கள். ஆம்பளை இருமல். எனக்கு அது போதும். மூன்று எட்டில் போய்த் தோளால் மோதினேன். "டேய், வேணாம்டா! அம்மை! உள்ள அம்மைடா!" என்று கேத்தூரா கத்தியதும் கீல் பிடுங்கிக் கதவு சாய்ந்ததும் ஒன்றாக நடந்தன. கதவோடு நானும் உள்ளே போய் விழுந்தேன்.

விழுந்த இடத்திலிருந்து தலையைத் தூக்கினால் அடுப்போரம் ஒரு படுக்கை. அதில் கிடந்த முகத்தில் முத்து இல்லாத இடம் ஒரு விரல் அகலம்கூட இல்லை. கண்கள் மூடி வீங்கியிருந்தன. தேவதாருக் கிளை நோயாளி இருக்கும் அறையின் கெட்ட காற்றுக்காக. புகையும் அதற்காகத்தான். வாத்து, கஞ்சி இறங்காத தொண்டைக்குச் சாறு. பண்டிகையைப் பற்றி ஒன்றும் தெரியாத நாங்கள்தான் பண்டிகையைக் கண்டுபிடித்தோம். பண்டிகைக்கு யாரும் ஜன்னலைக் கிளையால் அடைக்க மாட்டார்கள்; எந்த ராஜாவின் சபைக்காரனும் அதைப் பார்த்து ஏமாந்திருக்க மாட்டான்.

நான் எழுந்து வாசல் பக்கம் ஓடினேன். ஏழு பேரும் வேலிக்கு அந்தப் பக்கம் போயிருந்தார்கள். பினேகாஸ் துப்பாக்கியை என் நெஞ்சுக்கு நேராகப் பிடித்திருந்தான்.

"நில்லு, ஆசகேலு. அங்கேயே நில்லு."

"டேய், நான்டா!"

"நீதான். தெரியுது. அம்மை வீட்டுப் படி தாண்டினவன் ஊர் சொல்ற வரைக்கும் வெளிய வரக்கூடாது. சட்டம் நீ எழுதினதுதானேய்யா? நான் வெறும் கான்ஸ்டபிள்."

அவன் கண்ணை என்னிடமிருந்து திருப்பிக்கொண்டான். ஆனால் துப்பாக்கி இறங்கவில்லை. சாயங்காலத்துக்குள் தெருவை வேலி அடைத்தார்கள். உள்ளே இருப்பவனைத் தூக்கக் கொண்டுவந்த கழியையும் அந்த வேலியிலேயே கட்டினார்கள்.

கேத்தூரா கம்பளியை எடுத்து வாசலில் தொங்கவிட்டாள். என் பக்கம் திரும்பவே இல்லை.

"மறைச்சு வச்சிருக்க" என்றேன். எனக்கு அப்போதும் வாய் அடங்கவில்லை. "வாசல்ல சிவப்புத் துணி கட்டியிருக்கணும். அதுதான் சட்டம்."

"கட்டியிருந்தா? இவனத் தெறந்த வண்டியில ஏத்தி கடல் முனையில இருக்கற அம்மைக் குடிசைக்குக் கொண்டுபோயிருப்பீங்க. இந்தக் குளிர்ல பாதி வழியிலயே போயிருப்பான். உங்க சட்டத்த நீயே வச்சுக்க."

"ராஜா படையில இருந்தானே, அவனுங்க பாத்துக்கலையா?"

அவள் அப்போதுதான் திரும்பினாள். படுக்கைக்கடியிலிருந்து ஒரு கந்தல் சட்டையை எடுத்து என் முகத்தில் எறிந்தாள். எங்கள் பக்கத்துச் சட்டை. அடுத்த ஊர்ப்படைக் கம்பெனியின் சட்டை.

படுக்கையிலிருந்து சத்தம் வந்தது. "யாரும்மா அது? சார்ஜண்ட் டட்டன் குரல் மாதிரி இருக்கு."

"அவனேதான். கதவ உடைச்சுக்கிட்டு வந்திருக்கான்."

பையன் சிரிக்கப் பார்த்தான். உதடு வெடித்தது. "என்ன சார்ஜண்ட்டு, இப்பவாவது எம் பேர எழுதிக்குவியா?"

ஜூனில் அவன் என்னிடம் வந்திருந்தான். அப்பன் கட்டிலில் கிடக்கும்போதே வந்து, படையில் சேர்த்துக்கொள்ளும்படி கேட்டான். "ராஜாக்கட்சி வித்து எங்களுக்கு வேண்டாம்" என்று எட்டுப் பேர் கேட்கச் சொல்லித் துரத்தியது நான்தான். அவன் பன்னிரண்டு மைல் நடந்து போய் அடுத்த ஊரில் பெயர் கொடுத்திருக்கிறான். செப்டம்பரில் பிடிபட்டு, சர்க்கரைக் கிடங்கில் கிடந்து, இனி பிழைக்க மாட்டான் என்று தெரிந்ததும் ராஜாவின் ஆட்கள் அவனைப் படகில் ஏற்றி அனுப்பியிருக்கிறார்கள். ஒரு மனுஷனுக்குத் தரையில் மறைந்துகொள்ள ஒரு பொந்து இல்லையே என்று அன்றைக்குத்தான் எனக்குத் தோன்றியது.

ஒரு தடவை வந்தவளுக்கு மறுபடி வராது, கேத்தூராவுக்குப் பயமில்லை. எனக்கு அம்மை வந்ததே கிடையாது. தானாக ஒட்டினால் நாலு பேரில் ஒருவனாவது போவான். இரண்டாம் நாள் கேத்தூரா ஒரு சின்னக் கத்தியைத் துடைத்துக்கொண்டே பேச்சை எடுத்தாள்.

"குத்திக்கறியா? இவன் முத்துல இருந்து எடுத்து உங் கையில கீறி வச்சா லேசா வந்து போயிடும். எங்கக்காவுக்கும் அவ புள்ளைங்களுக்கும் லாங் ஐலண்டுல நானே செஞ்சிருக்கேன். எல்லாம் நல்லாத்தான் இருக்குதுங்க. இன்னும் ஒரு நாள் போனா செஞ்சும் பிரயோஜனம் இல்ல."

அம்மை குத்துவது எங்கள் ஊரில் குற்றம். ஏப்ரலில் ஒரு டாக்டர் ரகசியமாகக் குத்துகிறார் என்று அவர் வீட்டு ஜன்னல்களை உடைத்தோம். முதல் கல் என்னுடையது.

"உனக்கென்ன எம்மேல அவ்வளவு அக்கறை?" என்றேன்.

"அக்கறையா!" அவள் கத்தியை மேஜையில் வைத்தாள். "நீ செத்தா ஊரே அழும், நாலு நாள்ல உன்னத் தியாகின்னு சொல்லும். எம் புருஷன் விளக்குக் காட்டினவனாவே இருப்பான். நீ சாகக் கூடாது. செத்துட்டா யார் வாசிக்கிறது?"

"என்னத்த?"

"நீ பதினொரு பேர எழுத வச்சியே, அத. நீ என்ன பாத்தன்னு எழுது. நெசமா என்ன பாத்தன்னு. எழுதிக் குடுத்தா கத்தி. இல்லன்னா அந்த மூலையில உக்காந்து எண்ணிக்கிட்டு இரு, எட்டு ஒன்பது நாள்ல முதுகு வலிக்கும்."

"அப்படி மிரட்டி வாங்கறது செல்லாது" என்றேன்.

"பதினொண்ணும் செல்லிச்சே!"

அன்று சாயங்காலம் என் மனைவி எருசா வேலிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றாள். அழுது முகம் வீங்கியிருந்தது. ஆனாலும் அவள் வாய் அவள் வாய்தான்.

"எட்டுப் பேர் போனீங்க. ஏழு பேரு வீட்ல உக்காந்து சூப்புக் குடிக்கிறானுங்க. உங்களுக்குத்தான் மொதல்ல போய் விழணுமா? நாலு பொட்டப் புள்ளைங்கள வச்சுக்கிட்டு நான் எங்க போவேன்?"

"அவ அம்மை குத்தறேங்கறா. பதிலுக்கு ஒண்ணு எழுதிக் கேக்கறா."

"என்னன்னு?"

"நாத்தான் விளக்குக் காட்டலைன்னு."

எருசா முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அப்புறம் மெதுவாகக் கேட்டாள். "காட்டினானா இல்லையா?"

"மாட்டுக் கொட்டாய்க்குப் போனான்" என்றேன். "பசு கன்னு போடற நேரம். விளக்க எடுத்துக்கிட்டுக் கொட்டாய்க்குப் போனான்."

அதை அவளிடம் சொன்னபோதுதான் முதல் தடவையாக அதை என் காதால் கேட்டேன். கப்பலுக்குக் காட்டினான் என்று கமிட்டியில் சாட்சி சொன்னது நான்தான். நாத்தானின் நிலத்தில் பன்னிரண்டு ஏக்கர் வெள்ளை ஓக் மரம் நின்றது. பீப்பாய்ப் பலகைக்கு அதைப்போல மரம் கிடையாது. மூன்று தடவை விலைக்குக் கேட்டும் அவன் தரவில்லை. அவன் செத்த மறுமாதமே கமிட்டியின் பெயரால், படைக்கு இறைச்சிப் பீப்பாய் வேண்டுமென்று சொல்லி, அதில் கோடாலி வைத்தேன். பொய்ச் சாட்சி சொல்லும்போது மரத்தை நினைத்தேனா என்றால், நினைக்கவில்லை என்று சத்தியம் செய்ய என்னால் முடியாது. ராஜாவை வெறுத்தேன், அது நிஜம். இன்றைக்கும் வெறுக்கிறேன். அந்த வெறுப்புக்குள் இந்த மரத்தையும் சேர்த்துக் கட்டிவிட்டேன்.

"எழுதிக் குடுத்துட்டு உசிரோட வாங்க" என்றாள் எருசா. "வந்தப்பறம் உங்ககிட்ட நான் பேசிக்கிறேன்."

எழுதினேன். கேத்தூரா இரண்டு தடவை படித்தாள். "மரத்த விட்டுட்டியே" என்று திருப்பிக் கொடுத்தாள். மரத்தையும் எழுதினேன். பிறகு அவள் ஏனோஸின் கையிலிருந்த ஒரு முத்தைக் கத்திமுனையால் தொட்டு, என் இடது கையில் மணிக்கட்டுக்கு மேலே கீறினாள். பையன் கையை நீட்டிக்கொண்டே இருந்தான். "எங்கப்பாவுக்காகத்தாம்மா குடுக்கறேன், இவனுக்காக இல்ல" என்றான். அதற்கப்புறம் அவன் தெளிவாகப் பேசி நான் கேட்கவில்லை.

புது வருஷத்து முதல் நாள் அவன் போய்விட்டான். உள்ளே வந்து தூக்க ஆள் கிடையாது. நானும் அவளும்தான். மண் இரும்பாக உறைந்திருந்தது. வீட்டுக்குப் பின்னால் நாத்தானின் குழிக்குப் பக்கத்தில் விறகு அடுக்கி எரித்து, மண் இளகியதும் தோண்டினோம். சவப்பெட்டி நான் செய்து தருகிறேன் என்றேன். அது ஒன்றுதான் எனக்குத் தெரிந்த வேலை.

"உங் கை பட்ட பலகை எம் மகன் மேல படக்கூடாது" என்றாள்.

கடைசியில் நான் உடைத்த கதவின்மேல் அவனைப் படுக்கவைத்து இறக்கினோம். வேலிக்கு அந்தப் பக்கம் பினேகாஸ் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றான். பக்கத்தில் வரவில்லை.

கீறின ஏழாம் நாள் எனக்குக் காய்ச்சல் வந்தது. உடம்பில் முப்பது முத்துக்கூட இல்லை. கேத்தூரா எனக்குக் கஞ்சி வைத்தாள், தண்ணீர் வைத்தாள், ஒரு வார்த்தை பேசவில்லை. ஒரு தடவை மட்டும் நான் புலம்பிக்கொண்டு கிடந்தபோது, "கத்தாத, எம் மகன் இவ்வளவு கத்தல" என்றாள்.

பிப்ரவரியில் வேலியைப் பிரித்தார்கள். வெளியே வந்ததும் பினேகாஸ் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். விஷயத்தை எருசா மூலமாகக் கேள்விப்பட்டிருந்தான். ஓரமாக அழைத்துப் போனான்.

"அந்தக் காகிதத்த வாசிக்காத. உசிருக்குப் பயந்து எழுதினதுன்னு ஊருக்கே தெரியும். இப்ப நாம தோத்துக்கிட்டு இருக்கோம், ஆசகேலு. கமிட்டி பொய் சொல்லிச்சுன்னு நீயே சொன்னா, நாளைக்குப் பதினோரு பேரும் எந்திரிப்பானுங்க."

"காகிதம் அவகிட்ட இருக்கு."

"விதவை கையில இருக்கற காகிதத்துக்கு என்ன மரியாதை? இல்லைன்னு சொல்லிடு. முடிஞ்சுது."

நிஜத்தைச் சொல்கிறேன், அன்று வீடு போய்ச் சேரும்வரை எனக்கும் அப்படியே செய்துவிடத் தோன்றியது. சட்டையைக் கழற்றும்போது இடது கையில் அந்தக் கீறல் ஆறிப் பளபளவென்று இருந்தது. இல்லை என்று எப்படிச் சொல்வது?

ஞாயிற்றுக்கிழமை ஜெபவீட்டில் கேத்தூரா பெண்கள் பக்கம் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள். அவள் எங்கள் சபை இல்லை. யாரும் பக்கத்தில் உட்காரவில்லை. எழுந்து வந்து காகிதத்தை என் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பிப் போனாள். வாசித்தேன். விளக்கு, கொட்டாய், பசு, பன்னிரண்டு ஏக்கர் மரம், எல்லாம். அம்மை குத்திக்கொண்டதையும் சேர்த்தே வாசித்தேன். 

போதகர் வழக்கம்போலக் கேட்டார். "இந்தச் சகோதரனை மன்னித்து ஏற்றுக்கொள்கிறவர்கள் கை தூக்குங்கள்."

என் வாழ்க்கையில் அவ்வளவு வேகமாகக் கைகள் எழுந்து நான் பார்த்ததில்லை. பினேகாஸ் இரண்டு கையையும் தூக்கியிருந்தான். நான் எழுத வைத்த பதினொரு பேரில் ஒன்பது பேர் அங்கே இருந்தார்கள். அவர்களும் தூக்கினார்கள். பயமா, பழக்கமா, எனக்குத் தெரியாது. அரை நிமிஷம்தான். நான் பழைய ஆசகேல் ஆகிவிட்டேன்.

அப்போது கேத்தூரா எழுந்தாள். பெண்கள் அங்கே பேசுவது கிடையாது, அவர்கள் கைக்குக் கணக்கும் கிடையாது.

"இவனுக்குத் தூக்கினீங்க, சரி. செத்தவனுக்கும் ஒரு தரம் தூக்குங்க. நாத்தான் ஹாய்ட் விளக்குக் காட்டலைன்னு ஊர் ஒத்துக்குதா? ஒத்துக்கிட்டா கை தூக்குங்க."

ஒரு கைகூட எழவில்லை. போதகர் இருமினார். "காட்டலைன்னாலும் ராஜாவுக்குப் பிரார்த்தனை பண்ணினவன்தானே" என்று யாரோ முணுமுணுத்தார்கள். பலகையில் பூட்ஸ் உரசும் சத்தம் மட்டும் கேட்டது.

நான் கை தூக்கினேன். காகிதம் வலது கையில் இருந்ததால் எழுந்தது இடது கை. சட்டைக் கை சரிந்து, கீறின தழும்பு எல்லாருக்கும் தெரிந்தது. அந்த வீடு முழுக்க அந்த ஒரு கைதான்.

கேத்தூரா நடைபாதையில் பாதி தூரம் வந்து நின்றாள்.

"கையக் கீழ போடு" என்றாள். "அதுல இருக்கறது எம் மகனோடது. உனக்காக நீ எத வேணா தூக்கிக்க. எங்களுக்காக அத நீ தூக்காத."

நான் கையை இறக்கினேன். அவள் கதவைத் திறந்து வெளியே போனாள். திறந்த கதவு வழியாகக் குளிர்காற்று வந்தது. யாரோ எழுந்து போய்ச் சாத்தினார்கள், போதகர் பிரசங்கத்தைத் தொடங்கினார்.

சண்டையில் ஜெயித்தோம். ராஜாவின் கப்பல்கள் போய்ப் பல வருஷமாகிறது. ஊர் என்னை மன்னித்தது ஜெபவீட்டுப் புத்தகத்தில் தேதியோடு எழுதியிருக்கிறது. நாலு பக்கம் முன்னால் நாத்தான் ஹாய்ட்டின் பெயர் இருக்கிறது. அதற்கு எதிரே ‘நாட்டுப் பகைவன்’ என்று எழுதியிருக்கிறது. அது என் கையெழுத்துதான். அந்த வரியை அடித்து அழிக்கச் சொல்லி வருஷத்துக்கு ஒரு தடவை எழுந்து நின்று கேட்கிறேன், ஒருத்தனும் கை தூக்குவதில்லை.